காலியா கிடந்த வழி

மனுசன் பதில் சொல்றதுக்கு முன்னாடி முழிக்கிற நேரத்தைக் குறைச்சதுக்காக ஆபீஸ்ல கேக் வெட்டினாங்க. வேலையைச் செஞ்சது செல்வின். கத்தியைப் பிடிச்சது நெட்.

நெட்னா நெடுஞ்செழியன். விழுப்புரத்துல பெத்தவங்க ஆசையா வச்ச பேரை, பின்லாந்துக்கு வந்த முதல் வாரமே பாதியா அறுத்துத் தூரப் போட்ட ஆளு. சொந்தப் பேரையே முழுசா சுமக்கத் தெம்பில்லாதவர்தான் செல்வினுக்கு டீம் லீடு. செல்வினோட விசா அவர் ஒரு வார்த்தையில தொங்குது. அதனால அவர் சொல்ற ஜோக்குக்கெல்லாம் செல்வின் சிரிப்பான். சிரிச்சு முடிச்சதும் வாய் கசக்கும்.

கம்பெனி விக்கிற பொருள் ஒரு சின்ன வில்லை. ஞாபகம் நழுவிப்போற வயசானவங்களுக்குக் காதுக்குப் பின்னாடி தோலுக்குள்ள வச்சுத் தைச்சிருவாங்க. வைக்கிற அன்னைக்கே தலைக்குள்ள மிச்சம் இருக்குற ஞாபகத்தையெல்லாம் ஒரு காப்பி எடுத்துக்குவாங்க. அதுக்கப்புறம் அவங்க பாக்குறது, கேக்குறது, பேசுறது எல்லாம் பின்லாந்துல இருக்குற பெரிய கிடங்குக்குப் போய்ச் சேரும். பெரியவர் ‘இந்தப் பிள்ளை யாரு’ன்னு மூளைக்குள்ள துழாவும்போது, வில்லை கிடங்குல கேட்டு வாங்கி, உன் பேத்தின்னு உள்ள ஊட்டிவிடும்.

குறை ஒண்ணே ஒண்ணுதான். போய் வர நேரமாகும். அந்த நேரத்துல பெரியவங்க அப்படியே நின்னுபோய், வராத பஸ்ஸைப் பாக்குற மாதிரி ஒரு பார்வை பாப்பாங்க. ஆபீஸ்ல இருந்த தமிழ் ஆளுங்க அதுக்கு ‘முழி’ன்னு பேர் வச்சிருந்தாங்க. குடும்பத்துக்காரங்களால இந்த முழியைச் சகிக்க முடியல. அப்பாவுக்கு வியாதி வந்ததைப் பொறுத்துக்கிட்டவங்க, அப்பா லேட்டா பதில் சொல்றதைப் பொறுத்துக்க மாட்டேன்னுட்டாங்க.

செல்வின் எழுதினது அதுக்குத்தான். கம்ப்யூட்டருக்கு அடிவயிறு மாதிரி கெர்னல்னு ஒண்ணு இருக்கு. எந்த வேலை எந்தப் பக்கம் போகணும்னு அதுதான் முடிவு பண்ணும். கிடங்குல ஒண்ணைக் கேக்கப் பல வழி உண்டு. முன்னாடி கெர்னல் ஆளுக்கு ஒரு தடவைன்னு ரேஷன் கடை மாதிரி எல்லா வழியிலயும் முறை வச்சு அனுப்பிக்கிட்டு இருந்துச்சு. செல்வின் அதை மாத்தினான். எந்த வழியில பதில் சீக்கிரம் வருதுன்னு கெர்னல் பாத்துக்கிட்டே இருக்கும். வேகமா வர்ற வழியிலயே அடுத்ததையும் அனுப்பும். அவ்வளவுதான். முழி காணாமப் போச்சு.

கேக்குக்கு முன்னாடி பெரிய ஸ்கிரீன்ல ஒரு வீடியோ போட்டாங்க. ஒரு பின்லாந்துப் பெரியவர். அவரு மக, “அப்பா, காபி தரவா?”ன்னு கேட்டா. கேட்டு வாய் மூடல, “உன் காபியை நாய் குடிக்குமா?”ன்னு பதில் வந்துருச்சு. கூட்டம் சிரிச்சுக் கை தட்டுச்சு. எவ்வளவு வேகம், எவ்வளவு வேகம்னு ஆளாளுக்குப் பேசினாங்க. அந்தப் பொண்ணு முகத்தை ஒருத்தரும் பாக்கல. செல்வின் பாத்தான். பாத்துட்டு கேக்கை வாங்கித் தின்னான்.

தூத்துக்குடியில செல்வினோட அப்பா லூர்துசாமி காதுலயும் அதே வில்லை. ஸ்டாஃப் குடும்பம்னு கம்பெனி வச்சுக் கொடுத்தது. அந்தப் பெருமையை அக்கா ரெஜினா தெருவெல்லாம் சொல்லி வச்சிருந்தா. புது வேகம் வந்த மறுநாள் அவ போன் பண்ணினா.

“ஏல செல்வின், அப்பா டக்கு டக்குன்னு பேசுதாங்கல. மில்லுல இருந்தப்போ எப்படி இருந்தாங்களோ அப்படியே இருக்காங்க. என்ன மாயம் பண்ணின?”

“மாயமெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. வழியை மாத்தினேன்.”

மூணாம் நாள் போன்ல அவ குரல் வேற மாதிரி இருந்துச்சு.

“அப்பா இவங்களைப் பாத்து வெளிய நில்லுங்காங்க.”

இவங்கன்னா அவ வீட்டுக்காரர் முத்துராசு. மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் பேக்டரியில வேலை. நம்ம ஆளு இல்லைன்னு வீட்டுல வேண்டாம்னதை மீறி ரெஜினா கட்டிக்கிட்டவரு. கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கி பெனடிக்ட்னு பேரும் வச்சுக்கிட்டாரு. லூர்துசாமி அந்தப் பேரையும் சொன்னதில்ல, பழைய பேரையும் சொன்னதில்ல. ஸ்பின்னிங் மில்லுல டைம் கீப்பரா கேட்டுல நின்னவரு அவரு. லேட்டா வந்தவனைப் பாத்து ரெண்டே வார்த்தை, “வெளிய நில்லு.” அதே ரெண்டு வார்த்தையை மருமகனுக்கும் வச்சிருந்தாரு. முத்துராசும் வருசக்கணக்கா பொண்டாட்டி பிள்ளையை உள்ள அனுப்பிட்டு, கேட்டுக்கு வெளிய பைக் மேல உக்காந்து வேப்பமரத்தைப் பாத்துக்கிட்டு இருந்தாரு.

அப்புறம் அம்மா இறந்தாங்க. அப்பாவுக்கு ஞாபகம் போக ஆரம்பிச்சு, வில்லையும் வச்சாச்சு. மகன் செல்வின் விசா, கெர்னல், வருங்காலம்னு பின்லாந்துல தம்பெரேங்கிற ஊருல பனியில வழுக்கிக்கிட்டு இருந்தான். வாசல்ல நின்னவருதான் உள்ள வந்து மாமனாரைக் குளிப்பாட்டினாரு, மலம் அள்ளினாரு, மீசையை ஒதுக்கிவிட்டாரு. ஒருநாள் பாத்ரூமுக்குள்ள இருந்து லூர்துசாமி குரல் கேட்டுச்சாம். “மாப்ள, தண்ணி சூடா இருக்கு.” ரெஜினா அடுப்படியில நின்னு அழுதுட்டு உடனே தம்பிக்குப் போன் பண்ணினா. அதுல இருந்து வீட்டுக்குள்ள எல்லாத்துக்கும் மாப்ளதான். வெளியாளுங்க வந்தா மட்டும் முத்துராசு எதுக்கு வம்புன்னு பின்வாசல் வழியா கடைக்குப் போயிருவாரு.

செல்வினும் ஒண்ணும் யோக்கியன் இல்ல. அவரை ஒரு தடவைகூட அத்தான்னு கூப்பிட்டதில்ல. அக்கா போனை அவர்கிட்ட கொடுத்தா, “ம்… சாப்டாச்சா”ன்னு எங்கயோ பாத்துக் கேப்பான். அப்பனோட இளக்காரத்துல ஒரு பங்கு அவனுக்கும் வந்திருந்துச்சு. அவன் படிச்சவன்கிறதால அதுக்குக் கூச்சம்னு பேர் வச்சிருந்தான்.

“நேத்து இவங்க குளிப்பாட்டப் போனாங்க. ‘ஏலே, உன்னை யாரு உள்ள விட்டா’ன்னு அப்பா செம்பைத் தூக்கி எறிஞ்சுட்டாங்க,” ரெஜினா சொன்னா. “இவங்க சட்டையைப் பிழிஞ்சுட்டுப் போய் வாசல்ல உக்காந்துக்கிட்டாங்க. பழைய இடத்துலயே. பிள்ளை ஷைனிக்கு ஞாயித்துக்கிழமை கோயில்ல புதுநன்மை, முதல் தடவையா நற்கருணை வாங்கப்போறா. மரியதாஸ் சித்தப்பா, கீழூர்ச் சொந்தமெல்லாம் வருது. இந்தத் தடவை பின்வாசல் வழியா போகக் கூடாதுன்னு நான்தான் இவங்ககிட்ட சத்தியம் வாங்கி வச்சிருக்கேன். அப்பா எல்லார் முன்னாடியும் மாப்ளன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, அதுக்கு மேல எந்த நாயும் வாய் திறக்காது. இப்போ போய் இப்படின்னா நான் என்ன செய்ய?”

“பாக்குறேங்க்கா.”

“பாரு. அன்னைக்கு வெளிய நில்லுன்னாங்கன்னா, அப்புறம் இவங்க எப்பவும் வெளியதான். நானும் பிள்ளையைக் கூட்டிட்டு வெளிய போயிருவேன். அப்பாவை நீ வந்து குளிப்பாட்டு.”

செல்வின் ஆபீஸ்ல உக்காந்து அப்பாவோட வில்லை நம்பரைப் போட்டுப் பாத்தான். ஞாபகத்துக்குள்ள என்ன இருக்குன்னு பாக்க முடியாது. எந்த வழியில எவ்வளவு போச்சுன்னு மட்டும் தெரியும். அப்பா கேட்டதெல்லாம் ஒரே வழியில போயிருந்துச்சு. வடக்குச் சுரங்கம். மத்த வழியெல்லாம் காத்து வாங்கிச்சு. வேற சில நம்பரையும் தட்டினான். அங்கயும் அதே வடக்கு.

வடக்குச் சுரங்கத்துல என்ன இருக்குன்னு அவனுக்குத் தெரியும். கம்பெனியில எல்லாருக்கும் தெரியும். வில்லை வச்ச அன்னைக்கு எடுத்த முதல் நாள் காப்பி. கிடங்கு எரிஞ்சாலும் இது இருக்கட்டும்னு ஒரு பழைய சுரங்கத்துக்குள்ள போட்டு வச்சிருந்தாங்க. அதுல புதுசா எதுவும் எழுதுறதில்ல.

சாயங்காலம் சவுனாவுல நெட்டைப் பிடிச்சான். அந்த ஊருல கம்பெனிக் கூட்டமெல்லாம் பாதி அங்கதான், துண்டைக் கட்டிக்கிட்டு மரப்பலகையில உக்காந்து ஆவியில வேகணும். நெட்டுக்கு அது ரொம்பப் பிடிக்கும். தொப்பையை வெள்ளைக்காரங்களோட சரிசமமா வச்சு உக்காரலாம். அன்னைக்கு வேற யாரும் இல்ல.

“அண்ணே, வடக்குச் சுரங்கத்தை ஏன் வழியில சேத்தீங்க?”

“சும்மா கிடந்துச்சு. சும்மா கிடக்குறதைப் பாத்தா எனக்கு அரிக்கும்.”

“அது முதல் நாள் காப்பி. அதுக்கு வேற அடையாளம்ல இருக்கு. கெர்னல் ஒத்துக்காதே.”

“அடையாளத்தை மாத்திட்டேன். எல்லாத்துக்கும் ஒரே பேர் வச்சேன்.” நெட் ஒரு கரண்டித் தண்ணியை அள்ளிக் கல்லுல ஊத்தினாரு. ஆவி புஸ்ஸுன்னு கிளம்புச்சு. “உன் கெர்னல் ஒரு வெகுளி. பேர் ஒண்ணுன்னா ஆளும் ஒண்ணுன்னு நம்பிரும். எல்லா வழியும் ஒரே வீட்டுக்குத்தான் போகுதுன்னு நெனச்சுக்கும்.”

“மத்த கிடங்குல உலகத்து ஞாபகமெல்லாம் எழுதிக்கிட்டே இருக்கு, அதனால பதில் லேட்டாகும். சுரங்கத்துல எவனும் எழுதல, அதனால அதுதான் எப்பவும் ஃப்ரீ. நான் எழுதினது ஃப்ரீயா இருக்குறதைத் தேடித்தான் போகும். அப்போ எல்லாருக்கும் பழசுதான் வருது.”

“கண்டுபிடிச்சிட்டியா? கெட்டிக்காரன்.” நெட் முகத்துல சந்தோசமும் இல்ல, கோபமும் இல்ல, வேர்வை மட்டும். “நான் போன மாசம் சோதனை ஓட்டத்துலயே கண்டுபிடிச்சிட்டேன். சொல்லு, கம்ப்ளெய்ன்ட் எத்தனை வந்துச்சு?”

“தெரியல.”

“வரல. எங்க அப்பா பழைய மாதிரி ஆயிட்டாரு, எங்க அம்மாவுக்குப் பழைய கம்பீரம் வந்துருச்சுன்னு அழுது அழுது எழுதுறாங்க. மனுசனுக்கு உண்மை வேணும்னு எவன் சொன்னான்? சீக்கிரம் வேணும். வியாதி வந்தப்புறம் பெருசுங்க என்ன புதுசா கத்துக்கிட்டு இருக்கும், சொல்லு? மருந்து பேரு, டயபர் சைஸு.”

“எங்க அப்பா ஒண்ணு கத்துக்கிட்டாரு.”

“என்ன?”

செல்வின் சொன்னான். பாத்ரூம், செம்பு, வாசல், புதுநன்மை எல்லாம் சொன்னான். சொல்லும்போதே இந்த ஆளு முன்னாடி இதையெல்லாம் அவிழ்க்கிறோமேன்னு கூசுச்சு, உடம்புல துண்டு வேற ஒண்ணே ஒண்ணு.

நெட் நல்லா கேட்டுக்கிட்டாரு. “அதாவது, உங்க அக்கா வீட்டுக்காரரு வாசல்ல நிக்கிறாருன்னு நான் உலகத்தையே ஸ்லோ பண்ணணும். வாசல் நல்லா காத்து வரும்ல.” எந்திரிச்சுத் துண்டை இறுக்கினாரு. “விசா எப்ப புதுப்பிக்கணும் உனக்கு?”

செல்வின் வாயைத் திறந்தான். சிரிப்புதான் வந்துச்சு. பழக்கம்.

மறுநாள் அவன் ஒரு காரியம் பண்ணினான். பெரிய வீரமெல்லாம் இல்ல, திருட்டுத்தனம். லூர்துசாமிங்கிற ஒரே நம்பருக்கு மட்டும், வடக்கு வழி அறுந்துபோச்சுன்னு கெர்னல்கிட்ட பொய் சொன்னான். வெகுளி நம்பிருச்சு. உலகத்துல மத்த அப்பன்மாரெல்லாம் மக கொடுக்குற காபியை நாய்க்கு ஊத்திக்கிட்டே இருக்கட்டும், நமக்கென்ன. அப்படி நெனச்சதும் நெட்டோட குரல்லயே நெனச்ச மாதிரி இருந்துச்சு. அவன் அதுக்கு மேல நெனக்கல.

நெட் பின்னாடி வந்து நின்னு ஸ்கிரீனைப் பாத்தாரு. தோள்ல கை வச்சாரு.

“குடும்பத்துல நல்ல பேர் வாங்கிக்கோ,” அவ்வளவுதான் சொன்னாரு. தட்டிக்கொடுத்துட்டுப் போயிட்டாரு. திட்டியிருந்தா பரவால்லன்னு இருந்துச்சு செல்வினுக்கு.

அக்காவுக்கு விளக்கிச் சொல்றதுதான் கஷ்டமா இருந்துச்சு.

“நம்ம ஊருல பழைய பஸ் ஸ்டாண்டு, புது பஸ் ஸ்டாண்டு இருக்குல்ல. பழசை மூடிட்டாங்கன்னு வச்சுக்கோ. ஆனா ரெண்டுக்கும் ஒரே போர்டு. புதுசுக்குப் போற ரோட்டுல எப்பவும் நெரிசல். பழசுக்குப் போற ரோடு காலி. நான் வச்ச டிரைவர் கூட்டமில்லாத ரோடாப் பாத்துப் போயிட்டான். அப்பா அதனாலதான் பழைய ஸ்டாண்டுல போய் நிக்காங்க.”

“அப்போ அது அப்பா இல்ல. மெசின்.”

“அப்பாதான். பழைய அப்பா.”

“இப்போ?”

“இப்போ அந்த ரோட்டை அடைச்சாச்சு. முழி திரும்ப வரும். வந்தா நல்லதுன்னு நெனச்சுக்கோ. முழிச்சாங்கன்னா நெரிசல்ல போய்ச் சரியான இடத்துல கேட்டுட்டு வாராங்கன்னு அர்த்தம். டக்குன்னு சொன்னாத்தான் தப்பு.”

ரெஜினா இதை வீட்டுல எல்லாருக்கும் பாடம் மாதிரி சொல்லிட்டா. சனிக்கிழமை வீடியோவுல கூப்பிட்டாங்க. லூர்துசாமி கட்டில்ல சாஞ்சு உக்காந்திருந்தாரு. முத்துராசு கதவுக்கிட்டயே நின்னாரு, எறிஞ்ச செம்பு இன்னும் காத்துல இருக்குற மாதிரி.

“மாமா,” அவரு கூப்பிட்டாரு.

முழி வந்துச்சு. கிழவர் பார்வை எங்கயோ நிலைச்சு நின்னுச்சு. ஷைனி மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அம்மா கையைப் பிடிச்சா. தம்பெரேவுல செல்வினும் நாற்காலி நுனிக்கு வந்துட்டான்.

“மாப்ள,” லூர்துசாமி சொன்னாரு. “கால் மரத்துப்போச்சு. கொஞ்சம் தூக்கி வைங்க.”

ரெஜினா போனைக் கையில வச்சுக்கிட்டே சேலைத் தலைப்பால மூக்கைத் துடைச்சா. படம் ஆடுச்சு. முத்துராசு காலைத் தூக்கி மடியில வச்சுப் பிடிச்சுவிட்டாரு. போன் பக்கம் திரும்பி, “ரொம்ப நன்றி தம்பி”ன்னாரு. செல்வின் எங்கயோ பாத்து, “ம்… சாப்டாச்சா”ன்னான்.

ஞாயித்துக்கிழமை கோயில் முடிஞ்சு எல்லாரும் வீட்டுக்கு வந்ததும் ரெஜினா போனை ஃபிரிட்ஜ் மேல சாத்தி வச்சா, வெளிநாட்டுத் தம்பியும் பாக்கணும்ல. ஹால் நெறஞ்சிருந்துச்சு. ஷைனி வெள்ளை கவுன்ல தலையில கிரீடத்தோட சுத்திக்கிட்டு இருந்தா. லூர்துசாமி புது வேட்டி கட்டி நடுச் சேர்ல. பக்கத்துச் சோபாவை மரியதாஸ் சித்தப்பா ஒருத்தரே நெறச்சு உக்காந்திருந்தாரு. குடும்பத்துல யார் எந்த வீட்டுப் படி ஏறலாம்னு தீர்ப்புச் சொல்றது அவர்தான். ஷிப்பிங் ஆபீஸ்ல ரப்பர் ஸ்டாம்ப் குத்தினதைத் தவிர வாழ்க்கையில வேற எதுவும் செஞ்சதில்ல. அந்தப் பழக்கத்துலதான் ஆளுங்களையும் குத்துவாரு போல.

“எங்க ரெஜினா வீட்டுக்காரன்? அந்த ஐஸ்கட்டி?” மரியதாஸ் கேட்டாரு. ரெண்டு பேர் சிரிச்சாங்க. “வழக்கம்போல பின்பக்கமா உருகிட்டானா?”

“உள்ளதான் இருக்காங்க சித்தப்பா,” ரெஜினா சொன்னா. குரல்ல அவ்வளவு தெம்பு. “இப்போ வருவாங்க.”

முத்துராசு தட்டுல காபியோட வந்தாரு. வெள்ளைச் சட்டை, புது மடிப்பு. நேரா மாமனார்கிட்ட போய்க் குனிஞ்சாரு.

“மாமா, காபி.”

லூர்துசாமி நிமிந்து பாத்தாரு. முழி வந்துச்சு.

நல்லா வந்துச்சு. சனிக்கிழமையை விட நீளமா. ரெஜினா ஃபிரிட்ஜ் பக்கம் பாத்துத் தம்பிக்கு லேசா தலையை ஆட்டினா. செல்வின் லேப்டாப்புல அப்பா நம்பரைத் திறந்து வச்சிருந்தான். வடக்கு வழியில ஒண்ணுகூடப் போகல. கேட்டது புதுக் கிடங்குக்குத்தான் போயிருந்துச்சு. பதிலும் வந்துருச்சு. குளிப்பாட்டினது, அள்ளினது, மீசை ஒதுக்கினது, நேத்து கால் பிடிச்சது எல்லாம் இந்நேரம் அப்பா கையில இருக்கு.

அப்பா இன்னும் பேசல. பார்வை இப்போ எங்கயோ இல்ல. தட்டைப் பாத்துச்சு, வெள்ளைச் சட்டையைப் பாத்துச்சு, அப்புறம் மெதுவா சோபாவுல இருந்த மரியதாஸைப் பாத்துச்சு.

“ஏலே,” லூர்துசாமி சொன்னாரு. “வெளிய நில்லு.”

மரியதாஸ் தொண்டையைச் செருமிக்கிட்டு மின்விசிறியைப் பாத்தாரு. ரெஜினா முகம் செத்துப்போச்சு. ஃபிரிட்ஜ்கிட்ட வந்து பல்லைக் கடிச்சுக்கிட்டு, “சரி பண்ணிட்டேன்னியேல”ன்னு கேட்டா.

ஹால்ல இருந்த அத்தனை தலையும் போன் பக்கம் திரும்புச்சு. லூர்துசாமியும் திரும்பிப் பாத்தாரு. மகனை நேரா பாத்தாரு, கேட்டுல லேட்டா வந்தவனைப் பாக்குற அதே பார்வை. கையைத் தூக்கிக் காதுக்குப் பின்னாடி அந்த வில்லையை ஒரு விரலால தடவினாரு.

“இந்தச் சனியன் இன்னும் சரியாகல போலிருக்கு,” அப்படின்னாரு. முழிக்காம, டக்குன்னு.

“அதான பாத்தேன்,” மரியதாஸ் சொன்னாரு. “மெசினை நம்பலாமா.”

கொஞ்ச நேரத்துல படம் ஆடுச்சு. யாரோ போனை எடுத்துக்கிட்டுப் பின்பக்கம் போனாங்க. துணி காயுற கொடி தெரிஞ்சுச்சு, வெள்ளைச் சட்டைக் காலர் தெரிஞ்சுச்சு. முத்துராசு.

“தம்பி, ரெஜினா சத்தம் போட்டதை மனசுல வச்சுக்காதீங்க. கூட்டத்துல படபடப்பு.” அவரு சிரிக்கப் பாத்தாரு. “நான் ஒண்ணு கவனிச்சேன். போன வாரமெல்லாம் மாமா என்னைப் பாத்த உடனே சொல்லிருவாங்க. இன்னைக்கு கொஞ்சம் யோசிச்சாங்கல்ல. மனசுக்குள்ள ஏதோ தடுத்திருக்கு. முன்னேற்றந்தான? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க.”

செல்வின் பாத்துக்கிட்டே இருந்தான்.

“தம்பி? லைன் கட்டாயிருச்சோ?”

“இல்ல அத்தான்,” செல்வின் சொன்னான். “இருக்கேன். முன்னேற்றந்தான். இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கு.”